மியுகி நகஜிமா: ஆறுதலும் அப்பாலும்

ஜப்பானியப் பாடகி மியுகி நகஜிமாவிடம் புதிதாக வருவோர் பெரும்பாலும் 'இத்தோ' (நூல், 1992) வழியாகவே நுழைகின்றனர். இரு மனிதரைப் பாவாகவும் ஊடையாகவும் காணும் அப்பாடல் அங்கு திருமண வைபவங்களில் பரவலாக ஒலிக்கிறது. அழகான பாடல்தான். ஆயினும் அதோடு நின்றுவிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி என்பேன்.

1952இல் சப்போரோவில் பிறந்த அவருடைய பாடல்களில் வரி, மெட்டு, குரல் மூன்றும் அவருடையவையே. 'ஜிதாய்' (காலம், 1975) அவருக்குப் பெரும்பரிசைத் தந்தது. பெயரறியாத உழைப்பாளரைப் போற்றும் 'சிஜோ நோ ஹோஷி' (மண்ணின் நட்சத்திரங்கள், 2000) 2003இல் விற்பனையில் முதலிடத்தை எட்டியது. இவை ஆறுதல் தருவன.

ஆறுதல் தர மறுப்பவை 1980ஆம் ஆண்டுத் தொகுதியில் உள்ளன. 'உயிரோடிருக்கலாமா?' என்பதே அதன் தலைப்பு. அதிலுள்ள 'எரேன்', எவரும் தேடாத அந்நிய தேசத்துப் பெண்ணொருத்தியின் மரணத்தைப் பாடுகிறது. 'ஃபைட்!' (1983), மேற்படிப்பு இல்லாததால் வேலை மறுக்கப்பட்ட ஒருத்தியின் கடிதத்தோடு தொடங்குகிறது. இரு கரைகளுக்கும் பாலம் அதுவே.

எனவே, 'எரேனை'க் கேட்டபின் 'நூலு'க்குத் திரும்புங்கள். நெய்த துணி ஒருவரது காயத்தை மூடக்கூடும் என்று அதில் ஏன் சொல்கிறார் என்பது அப்போது விளங்கும். அது வெறும் கல்யாணப் பாட்டன்று.