அமெரிக்கப் பகல்நேரத் தொடர்நாடகங்களை மீளப் பார்த்தல் – ஒரு திறனாய்வு நோக்கு

கலைப்படைப்பொன்றை மீளவும் நுகர்தல் இலக்கிய உலகிலே புதுமையான செயலன்று. காவியங்களும் சிறந்த நாவல்களும் பலமுறை படிக்கப்படுகின்றன. படிக்குந்தோறும் புதுப்பொருள் தருவனவே உயர்ந்தவை என்பதும் பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோலாகும். இவ்வளவுகோலைக் கருதாது ஆக்கப்பட்ட வடிவங்களும் உள. ஒருமுறை மட்டும் பார்க்கப்பட்டு, மறுநாளைய பகுதிக்கு இடம்விட்டு மறைவதற்கென்றே அமைந்தவை அவை. ஐக்கிய அமெரிக்காவின் பகல்நேரத் தொலைக்காட்சித் தொடர்நாடகம் அவற்றுள் முதன்மையானது. ஒளிநாடா, இறுவட்டு, இணையம் ஆகியவற்றின் வாயிலாக இத்தொடர்களின் பழைய பகுதிகள் மீண்டும் பார்வைக்குக் கிடைத்துள்ள இன்றைய நிலையில், அவற்றை மீளப் பார்த்தல் வெறும் பழமை விருப்பமா, அல்லது அதற்குத் திறனாய்வுப் பெறுமானம் உண்டா என்னும் வினா எழுகின்றது.

இவ்வடிவத்தின் தோற்றத்தைச் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். 1930களில் அமெரிக்க வானொலியிலே வீட்டுப் பெண்களை நோக்கி நாள்தோறும் ஒலிபரப்பப்பட்ட பதினைந்து நிமிட நாடகங்களுக்குச் சவர்க்கார உற்பத்தியாளர்கள் அனுசரணை வழங்கினர். ‘சோப் ஒப்பெரா’ என்னும் ஏளனப் பெயர் அவ்வழி வந்ததே. ஏர்னா பிலிப்ஸ் என்னும் பெண் எழுத்தாளர் இவ்வடிவத்தை உருவாக்கியவருள் தலைமையானவர். அவரது ‘கைடிங் லைற்’ (வழிகாட்டும் ஒளி) 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை நீடித்தது. 1956 ஏப்ரல் 2ஆம் நாள் தொடங்கிய அவரது ‘அஸ் த வேர்ல்ட் டேர்ன்ஸ்’ (உலகம் சுழல்கையில்) அரைமணி நேர அளவை எடுத்துக்கொண்டது. 2010 செப்டெம்பர் 17ஆம் நாள் அது முடிவெய்தியபோது 13,858 பகுதிகள் ஒளிபரப்பாகியிருந்தன. எந்த ஒரு பார்வையாளரும் திறனாய்வாளரும் முழுமையாக மனத்தில் இருத்திக்கொள்ள இயலாத பேரளவு இது.

இத்தொடர்களின் தலையாய குறையாகப் பலரும் சுட்டுவது கூறியது கூறல் ஆகும். திங்கட்கிழமை ஒருத்தி தன் தங்கையிடம் கூறிய செய்தியைப் புதன்கிழமை தங்கை தாயிடம் கூறுவாள். வெள்ளிக்கிழமை தாய் தந்தையிடம் கூறுவாள். சமையலுக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் இடையே, பலமுறை எழுந்து சென்று திரும்பிவரும் பெண்ணுக்கு இவ்வமைப்புப் பொருந்தியது. இடையறுபடும் இவ்வீட்டுழைப்பின் தாளத்தோடு தொடர்நாடகத்தின் தாளம் இயைந்திருப்பதை 1982இல் ரானியா மொட்லெஸ்கி தமது நூலிலே விளக்கினார். ஆயின், பல பகுதிகளை ஒருசேர வைத்துக்கொண்டு தடையின்றிப் பார்க்கும் இன்றைய பார்வையாளருக்கு இத்தேவை இல்லை. எனவே முதலில் அவருக்குத் தோன்றுவது சலிப்பே.

அச்சலிப்பைக் கடந்து பார்ப்பவருக்கு வேறொன்று புலனாகின்றது. ஒரே செய்தி மூன்று வாய்களில் மூன்று விதமாகின்றது. தங்கை மறைத்ததைத் தாய் ஊகிக்கிறாள்; தாய் அழுத்திக் கூறியதைத் தந்தை கேளாதவர்போல இருந்துவிடுகிறார். நிகழ்ச்சியைவிட, அந்நிகழ்ச்சி ஒரு சமூகத்துள் எவரிடமிருந்து எவருக்குச் செல்கிறது, எவரிடம் செல்லாது தடுக்கப்படுகிறது என்பதே நாடகத்தின் பொருளாகின்றது. 1985இல் வெளிவந்த ஆய்விலே றொபேர்ட் சி. அலன் இவ்வுறவுப் பின்னலையே இவ்வடிவத்தின் செறிவாகக் கண்டார். மீளப் பார்த்தல் அக்கருத்தைக் கண்கூடாக்குகின்றது. அடுத்து நடப்பதை அறியும் ஆவல் தணிந்த பின்னரே, கேட்பவரின் முகத்தைக் கவனிக்க ஓய்வு கிடைக்கின்றது.

இந்நோக்கில் மிகுந்த கவனத்துக்குரியது ‘உலகம் சுழல்கையில்’ தொடரின் ஒரு பகுதி. 1963 நவெம்பர் 22, வெள்ளிக்கிழமை, நியூயோர்க் நேரப்படி பிற்பகல் 1.30 மணிக்கு அப்பகுதி தொடங்கியது. அக்காலத்தில் அந்நாடகம் ஒளிப்பதிவு செய்யப்படாது, கலையகத்திலிருந்து நேரடியாகவே ஒளிபரப்பப்பட்டது. டலஸ் நகரிலே சனாதிபதி கென்னடி மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்ததும் ஏறத்தாழ அதே நிமிடத்திலேயாகும். திரையில் நான்சி ஹியூஸ் என்னும் குடும்பத் தலைவி, தன் முதிய மாமனாருடன் உரையாடிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மகன் பொப், மணமுறிவு பெற்ற தன் முன்னாள் மனைவி லீசாவையும் அவர்களின் சிறு மகனையும் நன்றி நவிலல் நாள் விருந்துக்கு அழைத்திருக்கிறான். அவ்வழைப்பைப் பற்றியதே பேச்சு. பத்து நிமிடமளவில் காட்சி துண்டிக்கப்படுகின்றது. செய்தி அறிவிப்பு என்னும் எழுத்துகள் மட்டும் திரையில் நிற்க, உருவமின்றி, வோல்ரர் குரொங்கைற்றின் குரல் சனாதிபதி சுடப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. படக்கருவி இயங்கு நிலைக்கு வரச் சிறிது நேரம் வேண்டியிருந்தமையால், குரல் மட்டுமே உடனடியாக வர முடிந்தது. பின்னர் விளம்பரமும் நாடகமும் சற்று நேரம் மீண்டும் வந்து, அதன்பின் நாடகம் முற்றாக மறைகின்றது. கலையகத்தில் நடித்துக்கொண்டிருந்தோர் எதனையும் அறியாது தொடர்ந்து நடித்தனர்.

இப்பகுதி இன்று பெரும்பாலும் வரலாற்றுச் செய்தி ஒன்றின் முன்னுரையாகவே காட்டப்படுகின்றது. நாடகத்தை நாடகமாகவே கொண்டு நோக்குமிடத்து அதன் சிறப்பு வேறாகும். அவ்வாண்டு நன்றி நவிலல் நாள் நவெம்பர் 28ஆம் நாள் வந்தது. நான்சியின் கவலை, அதே வேளையில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த எண்ணற்ற பெண்களின் கவலையுமாகும். விருந்துக்கு எவரை அழைப்பது, எவர் எவருடன் அமர்வது, முறிந்த உறவின் பிள்ளையை எவ்வாறு வரவேற்பது என்னும் வினாக்கள் அவர்தம் வீடுகளிலும் அவ்வாரம் எழுந்தவை. கதையின் நாட்காட்டியும் பார்ப்பவரின் நாட்காட்டியும் ஒன்றாக இயங்குவது இவ்வடிவத்துக்கே உரிய பண்பு. திரைப்படமோ நாவலோ இதனைச் செய்வது அரிது.

முன்பே கதை தெரிந்த இதிகாச நாடகத்தைப் பார்ப்போர், பாத்திரம் அறியாததைத் தாம் அறிந்திருப்பர். அவலச் சுவை அவ்விடைவெளியிற் பிறக்கின்றது. நான்சியின் காட்சியை மீளப் பார்ப்பவரும் அவ்வாறே பாத்திரம் அறியாததை அறிந்திருக்கிறார். ஆனால் இம்முரணை எழுதியவர் நாடகாசிரியர் அல்லர். வரலாறு அதனை எழுதியது. நிதானமாக, ஒரு விருந்தழைப்பின் நன்மை தீமைகளை எடைபோடும் அப்பெண்ணின் பேச்சு, அவ்வறிவின் முன்னே அற்பமாகிவிடும் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். பார்க்கும்போது அவ்வாறு நிகழ்வதில்லை. நாட்டின் வரலாறு எவ்வாறு திரும்பினும், அடுத்த வாரம் அவ்விருந்து நடைபெற்றாக வேண்டும். அதற்கு எவரோ ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். பகல்நேரத் தொடர்நாடகம் இவ்வுழைப்பையே தன் பொருளாகக் கொண்டிருந்தது.

அப்பகுதியை இன்று பார்க்க முடிவதே ஒருவகையில் தற்செயல் எனலாம். ஆயிரக்கணக்கான பிற பகுதிகள் இல்லை. நேரடி ஒளிபரப்புகளுட் பல பதிவாகவேயில்லை. பதிவானவற்றின் படச்சுருள்கள் பேணப்படவில்லை. ஒளிநாடா வந்தபின்னரும் அதன் விலை அதிகமாக இருந்தமையால், நிறுவனங்கள் பழைய நாடகத்தை அழித்து அதே நாடாவிற் புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்தன. பகல்நேர நாடகத்தை மறுபடியும் எவர் பார்ப்பார் என்பதே அக்காலக் கணிப்பு. இக்கணிப்பைத் தொழில்நுட்பத்தின் குறைபாடாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. வீட்டுப் பெண்ணின் பகற்பொழுது பெறுமதியற்றது என்னும் கருத்து அதனுள் உறைந்துள்ளது. அவ்வுழைப்புக்கு ஊதியம் இல்லாததுபோலவே அவ்வுழைப்பின் துணையாக இருந்த கலைக்குக் காப்பகமும் இல்லாமற் போயிற்று.

இதற்கு மாறான நிலையை ‘டார்க் ஷடோஸ்’ (இருள் நிழல்கள்) தொடரிற் காணலாம். டான் கேர்ட்டிஸ் உருவாக்கி, 1966 ஜூன் முதல் 1971 ஏப்ரல் வரை ஒளிபரப்பான இத்தொடர், பழைய மாளிகையொன்றுக்கு வரும் இளம் ஆசிரியையின் கதையாகத் தொடங்கியது. பார்வையாளர் குறைந்தமையால் ஆவிகள் புகுத்தப்பட்டன. 1967இல் பார்னபஸ் கொலின்ஸ் என்னும் இரத்தக்காட்டேரி புகுத்தப்பட்டதும் தொடர் பெரும் புகழ் எய்தியது. அதன் 1,225 பகுதிகளுள் ஒன்றைத் தவிர அனைத்தும் எஞ்சியுள்ளன. 2012இல் அவை 131 இறுவட்டுகளாக, சவப்பெட்டி வடிவப் பேழையில் இட்டு விற்கப்பட்டன.

வாரம் ஐந்து பகுதிகள், மறுபடி எடுக்க நேரமோ பணமோ இல்லாத நிலையில் பதிவாகிய நாடகம் அது. எனவே ஒலிவாங்கியின் நிழல் சுவரில் விழுகின்றது. காட்சியமைப்பின் சுவர் அசைகின்றது. பார்னபஸாக நடித்த ஜொனதன் பிரிட் வசனம் மறந்து, கண்ணால் அதனைத் தேடுகிறார். ஒருமுறை பார்த்தோர் பெரும்பாலும் கவனியாது விட்ட இக்குறைகளை மீளப் பார்ப்போர் விரும்பித் தேடுகின்றனர். இது வேடிக்கைக்காக மட்டும் எழுந்த விருப்பமென ஒதுக்கத்தக்கதன்று. சந்தைக்கு வரும் பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்தே நிற்கும். இங்கு அவ்வுழைப்பு மறைவை மீறி வெளியே தெரிகின்றது. வசனத்தைத் தேடும் அக்கண்களிலே, நாள்தோறும் ஒரு நாடகத்தைப் பாடஞ்செய்யக் கடமைப்பட்ட தொழிலாளி ஒருவரைக் காண முடிகின்றது.

மீளப் பார்த்தலின் இன்னொரு பயன் சாட்சியம் பற்றியது. அக்னெஸ் நிக்ஸன் உருவாக்கிய ‘ஓல் மை சில்ட்ரன்’ (என் பிள்ளைகள் அனைவரும்) தொடரில், 1973இல் எரிக்கா கேன் என்னும் பாத்திரம் சட்டப்படி கருக்கலைப்புச் செய்துகொண்டாள். அமெரிக்க உயர் நீதிமன்றம் அவ்வாண்டு சனவரியில் அவ்வுரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்துச் சில மாதங்களே கடந்திருந்தன. தன் வாழ்வு பற்றித் தானே முடிவெடுக்கும் பெண்ணைத் துணிந்து காட்டிய கதை அது. 2005–2006 காலப்பகுதியில் அதே தொடர் அம்முடிவை மாற்றி எழுதியது. கரு கலைக்கப்படவில்லை, மருத்துவர் அதனை வேறொரு பெண்ணின் வயிற்றில் வைத்து வளர்த்தார், பிள்ளை இளைஞனாக வாழ்கிறான் எனக் கூறப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு முன்னர் ஒரு பெண் எடுத்த முடிவு இவ்வாறு செல்லாததாக்கப்பட்டது. அத்தொடரின் முதல் ஆண்டுகளுக்குரிய ஒளிநாடாக்களுட் பெரும்பாலானவை அழிந்தவை என்பது இவ்விடத்தில் மனங்கொளத்தக்கது. பழைய பகுதி அழிந்துவிட்டால், நிறுவனம் இன்று கூறுவதே பழமையாகிவிடும். பார்த்தவரின் நினைவு மட்டுமே அதற்கு எதிர்ச்சாட்சியாக எஞ்சும்.

இங்கு கூறியவற்றால் இந்நாடகங்கள் குற்றமற்றவை என்றாகாது. மீளப் பார்க்கும் கண் அவற்றின் வரையறைகளையும் கூர்மையாகக் காணும். 1962இல் ‘வழிகாட்டும் ஒளி’ தொடரில் கருப்பைப் புற்றுநோய் பற்றி எழுத விரும்பிய அக்னெஸ் நிக்ஸனுக்கு, நோயின் பெயரையோ உறுப்பின் பெயரையோ கூறாதிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையின் பேரிலேயே அனுமதி கிடைத்தது. நான்சி ஹியூஸின் கணவன் வழக்கறிஞன். அவர்தம் ஊர் வசதி படைத்த வெள்ளையரின் ஊர். 1963 ஓகஸ்ட்டில் இலட்சக்கணக்கானோர் சிவில் உரிமை கோரி வொஷிங்டனில் திரண்டனர். அவ்வாண்டின் கதை மையத்தில் கறுப்பின மக்களுக்கு இடமிருக்கவில்லை. 1968இல் நிக்ஸனின் ‘வன் லைவ் டு லிவ்’ (வாழ்வதற்கு ஒரு வாழ்வு) தொடங்கிய பின்னரே, வெள்ளைப் பெண்ணாகக் கருதப்பட்டு வாழும் கறுப்பினப் பெண்ணொருத்தியின் கதையை எலன் ஹொலியின் நடிப்பில் பகல்நேரப் பார்வையாளர் கண்டனர். மேலும், பழமை விருப்பமே இன்று விற்பனைப் பண்டமாகியுள்ளது என்பதற்குச் சவப்பெட்டிப் பேழையே சான்று.

எனினும், விற்கப்படுவது என்பதனால் ஒரு பொருளின் பொருண்மை தீர்ந்துவிடுவதில்லை. ‘உலகம் சுழல்கையில்’ தொடரின் முதல் வசனம், நான்சி தன் கணவனுக்குக் கூறும் காலை வணக்கமாகும். அதனைக் கூறிய ஹெலன் வாக்னர், இடையிடையே சில விலகல்கள் தவிர, 54 ஆண்டுகள் அப்பாத்திரத்தையே ஏற்று நடித்து, 2010 மே மாதம் 91ஆவது வயதிற் காலமானார். கதையிலும் நான்சி மறைந்தாள். அவ்வாண்டு செப்டெம்பரில் வந்த இறுதிப் பகுதியிலே, மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெறும் பொப், தன் அலுவலகத்தை விட்டு வெளியேறுகையில் இரவு வணக்கம் கூறுகிறான். அவன்தான் 1963இல் லீசாவை விருந்துக்கு அழைத்தவன். 1960 முதல் அப்பாத்திரமாகத் தோன்றிய டொன் ஹேஸ்ரிங்ஸே அப்போதும் நடிக்கிறார். ஒப்பனையால் ஆக்கப்படாத முதுமை அம்முகத்தில் இருக்கின்றது.

1963இன் பகுதியையும் 2010இன் பகுதியையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் அரை நூற்றாண்டை ஒரே முகத்திற் காண்கிறார். இடையிலுள்ள ஆண்டுகளின் பெரும் பகுதி அவருக்குக் கிடைக்கப்போவதில்லை. எஞ்சியவற்றை ஆராயும் திறனாய்வு, எவை எஞ்சவில்லை என்பதையும், அவை எஞ்சவேண்டியதில்லை என எவர் எக்காரணத்தாற் தீர்மானித்தனர் என்பதையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும். நான்சியின் அடுக்களையில் நடந்த பேச்சுக்குக் காப்பகத்தில் இடம் மறுக்கப்பட்டமையும் சமூக வரலாற்றின் ஒரு பகுதியே.