காலித் தங்கி

ஸ்பீல்பெர்க்கின் 'டூயல்' (1971) படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை ரஹாங்கில், மாமா வீட்டு வரவேற்பறையில். மாமா இருபத்தேழு வருஷம் போர்ட்டிக்சனில் எண்ணெய் ஏற்றி நெகிரி செம்பிலான் முழுக்க ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறக்கியவர். படத்தில் ஒரு பழைய தங்கி லோரி, சிவப்புக் காரில் தனியாகப் போகும் ஒருவனைக் காரணமே இல்லாமல் துரத்திக் கொல்லப் பார்க்கும். லோரிக்காரனின் முகத்தைக் கடைசிவரை காட்ட மாட்டார்கள். ஒரு கை, ஒரு ஜோடி பூட்ஸ், அவ்வளவுதான். உலகமே பயந்து பார்த்த படம். மாமா சிரித்துக்கொண்டே இருந்தார்.

"லோடோட இந்த வளைவுல இப்படித் திருப்புனா மொத வளைவுலேயே குப்புற கவுந்துடுவான்டா. காலி லோரி அது."

அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கட்டுரைக்குத் தள்ளியது. படத்தின் முடிவை யோசித்தேன். தங்கியின் பின்னால் 'எளிதில் தீப்பற்றும்' என்று பெரிதாக எழுதியிருந்தும், பள்ளத்தாக்கில் விழும்போது லோரி வெடிக்காது. அதை ஒரு குறியீடாக வாசித்துக் குறிப்பேட்டில் அரைப்பக்கம் எழுதி வைத்திருந்தவன் நான்.

மாமா சொன்னதன் பின்னால் இருக்கும் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திரவம் கல்லோ மரமோ போலக் கட்டிப்போட்ட இடத்தில் நிற்காது. பிரேக் போட்டால் அது முன்னால் வந்து இடிக்கும், வளைவில் வெளிப்பக்கம் சாயும். அதனால்தான் எண்ணெய்த் தங்கியைப் பல அறைகளாகப் பிரித்து, உள்ளே தடுப்புத் தட்டு வைக்கிறார்கள். முழுக்க நிரம்பிய அறையில் எண்ணெய்க்கு ஆட இடமில்லை. பாதி நிரம்பியதுதான் ஆளைக் கவிழ்க்கும். கோலக் கெலாவாங்குக்குப் போகும் புக்கிட் தங்கா வளைவுகளில் மாமா முதுகால்தான் வண்டி ஓட்டினாராம். எண்ணெய் எந்தப் பக்கம் போகிறது என்று சீட் முதலில் சொல்லும், அதற்குள் ஸ்டியரிங் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய அப்பா தோட்டத்தில் காண்டா கம்பில் இரண்டு வாளி பால் தூக்கி, சிந்தாமல் ஸ்டோருக்கு நடந்தவர். "அதே வேலதான், வாளி பெருசு" என்பார் மாமா. அந்த வாளி 30,000 லிட்டருக்கு மேல்.

இந்தத் தேர்ச்சி நம் எழுத்தில் எங்கே இருக்கிறது? நான் படித்த மலேசியத் தமிழ்க் கதைகளில் லோரி பெரும்பாலும் ஒரே ஒரு காட்சியில்தான் வருகிறது. தோட்டம் கைமாறிவிட்டது, லயத்தைக் காலி செய்கிறார்கள், தட்டுமுட்டுச் சாமான் ஏறுகிறது, கிழவி அழுகிறாள். லோரி ஓட்டுபவன் ஓரமாய் நின்று சிகரெட் பிடிப்பான். அவனும் அதே லயத்துப் பையனாக இருக்கலாம் என்று கதைக்குத் தோன்றுவதில்லை. தோட்டத்தைவிட்டு வெளியே வந்தவன் நமக்கு ஒன்று பாதிக்கப்பட்டவன், இல்லையென்றால் குண்டர் கும்பல்காரன். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) நல்ல படம், எனக்குப் பிடித்த படம். ஆனால் அது போட்ட தடத்தில் பின்னால் வந்தவர்கள் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காலை நாலு மணிக்கு எழுந்து, வேலைக்குப் போய், வீட்டுக்கடன் கட்டி, பிள்ளையைப் படிக்கவைத்தவன் கதைக்கு ஆகாதவன் ஆகிவிட்டான்.

இங்கேதான் கஸ்ஸான் கனஃபானியின் 'சூரியனில் மனிதர்கள்' (1963) குறுநாவலைக் கொண்டுவருகிறேன். மூன்று பாலஸ்தீனர்கள் வேலை தேடி ஈராக்கிலிருந்து குவைத்துக்குக் கள்ளத்தனமாய்ப் போகிறார்கள். காலியான தண்ணீர்த் தங்கி லோரி ஒன்று. ஓட்டுநர் அபுல் கைஸுரான். ஆகஸ்ட் வெயில். எல்லைச் சாவடி வரும்போது மட்டும் தங்கிக்குள் இறங்கி, ஆறேழு நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் சாவடியில் தப்பிக்கிறார்கள். இரண்டாவதில், குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி, பாஸ்ராவில் ஒரு நடனக்காரியோடு இவனுக்குத் தொடர்பு என்று கிண்டலடித்துக் கையெழுத்தை இழுத்தடிக்கிறான். திரும்பிவந்து மூடியைத் திறந்தால் மூவரும் பிணம். ஏன் அவர்கள் தங்கியைத் தட்டவில்லை என்று ஓட்டுநர் புலம்புவதோடு கதை முடிகிறது.

போரில் ஆண்மையிழந்த இந்த ஓட்டுநர் தோற்றுப்போன தலைமையின் குறியீடு என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் கதையைச் சொல்லிமுடித்ததும் மாமா தலைமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ரோட்டுல எங்கடா சாவு? கவுண்டர்லதான். பேப்பர் அவன் கையில இருக்கும். நீ சிரிக்கணும். அவன் என்னா ஜோக் சொன்னாலும் சிரிக்கணும்."

பிறகு அவருடைய கதை வந்தது. பெட்ரோல் சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். 30,000 லிட்டரில் ஒரு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 30 லிட்டர் காணாமல் போகும். மதியம் ஏற்றி, மழையில் நனைந்து, ராத்திரி இறக்கினால் அளவுக்கோல் குறைத்துத்தான் காட்டும். வால்வில் போட்ட சீல் உடையாமல் இருக்கும், நம்பரும் சரியாக இருக்கும். இருந்தாலும் வேலை செய்த ஒரு கம்பெனியில் அவரை ஒரு மணிநேரம் நிற்கவைத்துத் திருடனைப்போல் விசாரித்தார்கள். அந்த மாசச் சம்பளத்தில் பிடித்தம். வெயில் குடித்த எண்ணெய்க்கு ஓட்டுநர் காசு கட்டினார். அன்றைக்கும் சிரித்துவிட்டுத்தான் வந்தாராம்.

இதைக் கேட்டபிறகு கனஃபானியைத் திரும்ப வாசித்தேன். அந்த நாவல் குறியீடாக உயர்வதற்கு முன்னால் ஒரு வேலையைத் துல்லியமாக எழுதியிருக்கிறது. எத்தனை நிமிடம், எந்தக் கதவு, எத்தனை தாள், எந்த மேசை. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் மூன்று சாவும் வெறும் உருவகம். தவ்ஃபீக் சாலிஹ் இதை 1972இல் 'ஏமாற்றப்பட்டவர்கள்' என்று படமாக்கினார். படத்தில் அவர்கள் தட்டுகிறார்கள், ஏர்கோன் சத்தத்தில் யாருக்கும் கேட்பதில்லை. பழியை உள்ளே இருப்பவனிடமிருந்து கவுண்டருக்கு மாற்றிய அந்த ஒரு மாற்றத்துக்காகவே எனக்கு நாவலைவிடப் படம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். மாமா கட்சி நான்.

இதிலும் காலித் தங்கி என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. க்ளூஸோவின் 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' (1953). அது தங்கி லோரி இல்லை. எரியும் எண்ணெய்க் கிணற்றை அணைக்க நைட்ரோகிளிசரின் ஏற்றிப்போகும் சாதாரண லோரிகள். படம் முழுக்க ஒரு குலுக்கலில் சாவு வரலாம் என்று காத்திருக்கிறோம். கதாநாயகன் மரியோ சரக்கை ஒப்படைத்து, காசு வாங்கி, வெறும் லோரியில் வானொலி வால்ட்ஸ் இசைக்கு ஸ்டியரிங்கை ஆட்டியபடி திரும்பும்போது மலையிலிருந்து விழுந்து சாகிறான். மலிவான முரண் என்று நினைத்திருந்தேன். பெட்ரோல் லோரிக்காரர்களுக்கு அது முரணே இல்லை. திரவம் எரிவதில்லை, ஆவிதான் எரியும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்குவரை ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிரம்பிய அறையில் அந்தக் கலவைக்கு இடமில்லை. இறக்கிமுடித்த அறையில் காற்று நுழைந்துவிடுகிறது. வேலை முடிந்தது என்று கை தளர்வதும் அப்போதுதான்.

இளம் எழுத்தாளர்கள் லோரிக் கதை எழுதினால் கடைசியில் வெடிக்கவைக்கிறார்கள். நான் படித்த இரண்டு கையெழுத்துப் பிரதிகளிலும் வெடித்தது. எர்த் கிளிப் மாட்டுவது, சீல் நம்பரை விளக்கடித்துப் பார்ப்பது, பங்க் முதலாளி கையெழுத்துப் போடாமல் சாப்பிடப் போய்விடுவது, இது எதுவும் இல்லை. வெடிக்காத பத்தாயிரம் நாளை எழுதுவது கஷ்டம்தான்.

மரியோ விழுந்ததும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. எதற்காக இத்தனை வருஷம் ஓட்டினீர்கள், சம்பளத்துக்கா என்று கேட்டேன்.

"சம்பளமும்தான்" என்றார். "ராத்திரி ரெண்டு டிரிப் முடிச்சிட்டு லுக்குட் தாண்டி வருவேன். விடியாத நேரம். ரோட்டுல ஒருத்தன் இருக்கமாட்டான். ஜன்னல எறக்கி விட்டுடுவேன். ரேடியோ மட்டும் போடமாட்டேன்."

"ஏன் மாமா?"

"காலி வண்டிடா. சத்தம் கேட்டுக்கிட்டே வரணும்ல."

அத்தை உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள்.