நடுவில் நிற்றலும் நீதியும்: அடம் கேர்லின் சமாதானச் சிந்தனை பற்றிய ஒரு மதிப்பீடு

சமாதானம், சமூக நீதி என்னும் இரண்டையும் ஒன்றாக வைத்து நோக்குவது குவேக்கர் மரபின் சிறப்பியல்பாகும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே தோன்றிய இச்சிறு கிறிஸ்தவக் குழுவினர் போரை மறுத்ததோடு அமையாது, காலப்போக்கில் அடிமை முறைக்கெதிராகவும் குரலெழுப்பினர். அமெரிக்கக் குவேக்கரான ஜோன் வூல்மன் (1720-1772) அடிமை உடைமையாளரின் இல்லங்களுக்கே சென்று அவர்தம் மனச்சான்றோடு வழக்காடினார். 1947 இல் இம்மரபின் பிரித்தானிய, அமெரிக்கச் சேவை அமைப்புகளுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

இம்மரபில் வந்த அறிஞர் அடம் கேர்ல் (1916-2006) பிராட்போட் பல்கலைக்கழகத்தின் முதலாவது சமாதானக் கற்கைப் பேராசிரியராவார். நைஜீரிய உள்நாட்டுப் போரின்போதும், 1980 களில் இலங்கையிலும் மத்தியஸ்த முயற்சிகளில் ஈடுபட்டவர். ஆதலால் அவருடைய சிந்தனையை ஆராய்வது நமக்கு வெறும் ஏட்டுப் பயிற்சியன்று.

1971 இல் வெளிவந்த ‘சமாதானம் ஆக்கல்’ என்னும் நூலில், சமநிலையுடைய உறவையும் சமநிலையற்ற உறவையும் கேர்ல் வேறுபடுத்துகிறார். வலியோனும் மெலியோனும் பிணங்குமிடத்து மெலியோன் முதலில் தன் நிலையை உணர வேண்டும். பின்னர் எதிர்த்து நிற்க வேண்டும். ஓரளவு சமநிலை எய்திய பின்னரே பேச்சுவார்த்தை பயன்தரும் என்பது அவர் கொள்கை. நீதிக்கான போராட்டத்தைச் சமாதானத்தின் ஒரு படியாகவே கொண்டமை இந்நூலின் பெருஞ்சிறப்பு எனலாம்.

1986 இல் வெளிவந்த ‘நடுவிலே’ என்னும் நூலிலோ அழுத்தம் மாறுகிறது. தொடர்பை ஏற்படுத்தல், தகவல் பரிமாறல், இருதரப்பாரோடும் நட்புக் கொள்ளல், பேச்சுக்கு மனங்கொள்ளச் செய்தல் ஆகியனவே ஈண்டு மத்தியஸ்தரின் பணிகள். அச்சமும் ஐயமும் தலைவர்களின் பார்வையை மறைக்கின்றன. அவை நீங்கின் வழி பிறக்கும் என்ற நம்பிக்கை நூலின் அடிநாதமாக உள்ளது. முதல் நூலில் முதன்மை பெற்ற சமநிலையின்மை இங்கே பின்னொதுங்குகிறது.

இம்மாற்றத்தை இலங்கை அனுபவத்தில் உரைத்துப் பார்த்தல் தகும். 1956 இல் காலிமுகத்திடலிலும், 1961 இல் வடக்குக் கிழக்குக் கச்சேரிகளின் முன்னும் நிகழ்ந்த சத்தியாக்கிரகங்கள் கேர்ல் கூறிய எதிர்த்து நிற்றலுக்கு எடுத்துக்காட்டுகளாகும். முன்னது காடையரின் தாக்குதலுக்குள்ளாயிற்று. பின்னது அவசரகாலச் சட்டத்தால் அடக்கப்பட்டது. 1957 இன் பண்டா-செல்வா ஒப்பந்தம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட இருவரிடையே புரிந்துணர்வு இல்லாமற் போகவில்லை. அதனை நிறைவேற்றவல்ல அதிகாரச் சமநிலையே இல்லாதிருந்தது.

1983 யூலையில் வெள்ளவத்தை முதல் கல்கிசை வரை நிகழ்ந்தவையும் இதனையே உணர்த்துகின்றன. தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்த சிங்கள அயலவர் பலர். ஆயினும் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளோடு வந்தமை பரவலாகப் பதிவாகியுள்ளது. அயலவரின் நல்லெண்ணம் உயிர்களைக் காத்தது. இடாப்பைக் கும்பலின் கையிற் சேர்த்த அமைப்பை அதனால் மாற்ற இயலவில்லை.

மற்றொரு குறையும் சுட்டத்தக்கது. ஆயுதந் தாங்கிய இருதரப்பாரின் நடுவே மத்தியஸ்தர் நிற்கிறார். இருதரப்பாருக்கும் அஞ்சி வாழ்ந்த பொதுமக்களும் அதே நடுவில்தான் நின்றனர். இரகசியம் காக்கும் உரையாடலில் அவர்களின் குரலுக்கு இடமேது? இவ்வினாவுக்கு ‘நடுவிலே’ போதிய விடை தரவில்லை.

எனினும் கேர்லின் பணியைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. எல்லாக் கதவுகளும் அடைபட்ட வேளையில், பகைவர் ஒருவரையொருவர் மனிதராகக் காண ஒரு வாயிலையேனும் திறந்து வைப்பது சிறு தொண்டன்று. அவ்வாயிலினூடாகச் செல்லும் செய்தி நீதியைப் பற்றியதாக இருத்தல் வேண்டும் என்பதே நமது வாதம்.

நடுவுநிலைமையை விளக்கவந்த வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கினார். துலாக்கோல் இரு தட்டுகளுக்கும் பொதுவானது. ஆயினும் எது கனம், எது இலேசு என்பதை மறையாது காட்டிவிடும். 1971 இன் கேர்ல் அத்தகைய துலாக்கோலாகவே நின்றார். 1986 இன் நூலை அம்முதல் நூலோடு சேர்த்துப் படிக்கும்போதே அவரது சிந்தனை நமக்கு முழுமையாகப் பயன்படும்.