ஹைசன்பர்கின் நூலும் பி.எஸ்ஸி. மாணவரும்

இயற்பியல் மாணவருக்குத் ‘தத்துவம்’ என்ற சொல் புதியதன்று. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பள்ளியிலேயே நெட்டுருப் போட்டிருப்பீர்கள். ஆனால் கான்ட் போன்றோர் பேசிய தத்துவம் வேறு. அது கலைப் பிரிவு மாணவருக்குரியது என்று ஒதுக்கிவிடுகிறோம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இவ்விரண்டையும் சேர்த்து ஒரே பட்டப் படிப்பாகக் கற்பிக்கிறது. அந்த வாய்ப்பில்லாத மாணவர் தாமாகப் படிக்க விரும்பினால், ஆசிரியர்கள் பலரும் எடுத்துக் கொடுப்பது வெர்னர் ஹைசன்பர்கின் ‘இயற்பியலும் தத்துவமும்’ என்னும் ஆங்கில நூலை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 1955-56-இல் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1958-இல் நூலாயின. படிக்க வேண்டிய நூல்தான். அப்படியே விழுங்கத் தக்கதன்று.

நூலின் சிறந்த இடம் கான்ட்டைப் பற்றியது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் ஒரு காரணம் உண்டு என்று கொள்ளாமல் அறிவியல் நடவாது என்றார் கான்ட். ஹைசன்பர்க் ஒரே ஒரு ரேடியம் அணுவை எடுத்து நம் முன் வைக்கிறார். அது ஆல்ஃபா துகளை எப்போது உமிழும்? இன்றா, இரண்டாயிரம் ஆண்டு கழித்தா? ரேடியம்-226இன் அரை ஆயுட்காலம் சுமார் 1600 ஆண்டுகள் என்று வைத்து நீங்கள் கணக்குகள் போட்டிருப்பீர்கள். அந்த எண் கோடானுகோடி அணுக்களின் கூட்டத்துக்கு உரியது. இந்த ஓர் அணு இந்தக் கணத்தில் ஏன் சிதைந்தது என்பதற்கு அதில் விடை கிடையாது. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணோடு முடிந்துபோகும் சூத்திரத்துக்குள் இவ்வளவு பெரிய கேள்வி!

கிரேக்கரைப் பற்றிய பகுதி அத்தனை திருப்தி தரவில்லை. ஹெராக்ளிட்டஸ் கூறிய நெருப்பின் இடத்தில் ஆற்றலை வைத்தால் அவர் கூற்று இன்றைக்கும் பொருந்தும் என்கிறார் ஆசிரியர். ஹெராக்ளிட்டஸிடம் அளவீடு ஏது, ஆற்றல் அழிவின்மை விதி ஏது? இந்த ஆசை நமக்கும் உண்டு. மணிமேகலையில் ஆசீவகவாதி ஐவகை அணுக்களைக் கூறுவதைக் காட்டி, ரூதர்ஃபோர்டுக்கு முன்பே நாம் அறிந்தோம் என்று மேடையேறுவோர் இல்லையா?

என்னுடைய பெரிய குறை எட்டாம் அத்தியாயத்தில். 1952-இல் டேவிட் போம் ஒரு மாற்று வழி காட்டினார்: எலெக்ட்ரானுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டு, ஓர் அலை அதை நடத்திச் செல்கிறது, சோதனை முடிவுகளோ வழக்கமான குவாண்டம் கொள்கை தருபவையே. முடிவுகள் ஒன்றாயிருக்க, இது வேறு மொழியில் சொல்வதுதானே என்று ஹைசன்பர்க் தள்ளிவிடுகிறார். நம் வகுப்புகளிலும் இதுவே நடக்கிறது. காமாக் கதிர் நுண்ணோக்கியை வரைந்து, ஒளி எலெக்ட்ரானை மோதி அதன் உந்தத்தை மாற்றிவிடுகிறது என்கிறோம். ‘மோதும் முன் அதற்கு இடமும் உந்தமும் இருந்தனவா, சார்?’ என்று ஒரு மாணவி கேட்டால், ‘அது தத்துவம், பாடத்தைக் கவனி’ என்று பதில் வருகிறது.

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்தவர் ஜான் பெல். போமின் கொள்கையில் ஓரிடத்து அளவீடு தொலைவிலுள்ள துகளை உடனே பாதிக்கிறது. இது தவிர்க்க முடியாததா என்று ஆராய்ந்து, 1964-இல் விடை கண்டார். ஒரு மூலத்திலிருந்து இரு ஃபோட்டான்கள் எதிரெதிரே செல்கின்றன. இரு பக்கமும் அவற்றின் தளவிளைவை இரண்டிரண்டு கோணங்களில் அளக்கிறோம். ஃபோட்டான்கள் விடைகளை முன்கூட்டியே சுமந்து சென்று, ஒரு பக்கத்து அளவீடு மறுபக்கத்தைத் தொடாமலும் இருந்தால், அளவீடுகளைக் கூட்டிக் கழித்து அமைக்கும் ஓர் எண் 2-ஐத் தாண்டாது. குவாண்டம் கொள்கைப்படி அது 2.83 வரை போகலாம். 1982-இல் பிரான்சில் அலன் ஆஸ்பே குழுவினர் பெற்றது ஏறத்தாழ 2.7. இத்தகைய சோதனைகளுக்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவரும் 2022-இல் நோபல் பரிசு பெற்றனர். முன்கூட்டிய விடைகளைக் கைவிடுவதா, தொலைவு பாதிக்காது என்பதைக் கைவிடுவதா என்று எந்தக் கருவியும் சொல்வதில்லை. அங்கே மீண்டும் தத்துவம் வேண்டியிருக்கிறது.

1964-இல் வந்ததை 1958-இல் எழுதியவர் அறிந்திருக்க முடியாது. ஆனால் போமின் கொள்கையால் பயனில்லை என்று அவர் முடிவு கட்டியது அவசரம்.

நூலில் ஐந்தாம் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். எட்டாவதைப் படிக்கும்போது, 1987-இல் வெளிவந்த பெல்லின் கட்டுரைத் தொகுப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெர்டில்மன் என்ற நண்பரின் காலுறைகளைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. அவர் இரு கால்களுக்கும் வேறு வேறு நிறத்தில் அணிபவர். ஒரு காலைப் பார்த்தால் மறுகாலில் அந்த நிறம் இல்லை என்று தெரிந்துவிடும். ஃபோட்டான்கள் ஏன் அந்தக் காலுறைகளைப் போன்றவை அல்ல என்று பெல் அதில் விளக்குகிறார்.