மார்கழியில் ஒரு கரைநடை

வேடந்தாங்கலை ரசிக்க மார்கழிதான் மாதம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியிருக்கும். நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கிளைதோறும் கூடுகள். காலை வெயில் ஏறுமுன் கரைமேல் நடந்தால், பறவைகள் கண்ணில் படுவதற்கு முன்பே அவற்றின் இரைச்சல் காதுக்கு வந்துவிடும்.

விரைந்து நடக்கக் கூடாது. ஒரே இடத்தில் நின்று, ஒரே பறவையைப் பார்க்க வேண்டும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து, ஓட்டிலிருந்து சதையை எடுக்கும் அலகு அது. கரண்டிவாயன் அலகைச் சற்றே திறந்து, தண்ணீரை இடவலமாகத் துழாவி இரை தேடும். நீர்க்காகம் மூழ்கி எழுந்து, சிறகுகளை விரித்துக் காய வைக்கும். இப்படிப் பார்க்கத் தொடங்கினால் ஒரு மரத்திலேயே காலைப்பொழுது முழுவதும் போய்விடும்.

கூடவே, இந்த ஊரையும் ரசிக்க வேண்டும். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை இங்குள்ள உழவர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். வேட்டையைத் தடுக்கும் உரிமையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் கேட்டு வாங்கினார்கள். 2022இல் இந்த ஏரி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலகம் தந்த அந்த மதிப்பை ஊர் எப்போதோ தந்துவிட்டது. பைனாகுலரோடு போகிற நாம் குரலைத் தாழ்த்தி நடந்தால், அந்தக் காவலில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.