கியரும் மோட்டாரும்: கோத்தகிரிச் சாலையில் ஒரு பரீட்சை

சைக்கிள் வாங்கப் புகுபவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை கியர்?" என்பதுதான், கேட்க வேண்டியதோ, இருப்பதிலேயே இலேசான கியரில் பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்பது. இந்த ஒரு கணக்கு கைவந்தவர் எண்ணிக்கையைக் கண்டு மயங்கமாட்டார். மோட்டார் வைத்த வண்டி தமக்கு அவசியமா என்பதையும் பிறர் அபிப்பிராயத்தை எதிர்பாராமல் தாமே நிர்ணயித்துக்கொள்வார். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைச்சாலையில், 21 கியர் கொண்ட வண்டி ஒன்றையும், பின்சக்கரத்து ஹப்பில் 250 வாட் மோட்டார் அடங்கிய வண்டி ஒன்றையும் ஓட்டிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானவற்றை இங்கே சொல்கிறேன்.

தலைமுறைகளாக நாம் ஓட்டிவரும் கறுப்பு ரோடு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள அப்படிப்பட்ட வண்டி, பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று என்ற நிதானத்தில் மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். தஞ்சைச் சமவெளிக்கு இதைவிட உசிதமான விகிதம் வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து உடுமலைப் பக்கம் வீசும் மேல்காற்றை எதிர்த்துப் போகிறவருக்கு இதே விகிதம் பாரமாகத் தோன்றும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் மலைச்சாலையிலோ, அதே நிதானத்தில் மிதிக்க 400 வாட் அளவுக்குச் சக்தி வேண்டும். தேகப்பயிற்சியுள்ள சாதாரண மனிதர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 100 முதல் 150 வாட் வரைதான். ஆகவே ரோடு சைக்கிளில் வந்தவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது உடல் பலவீனத்தால் அன்று, விகிதத்தின் பிசகால்தான்.

நான் ஓட்டிய 21 கியர் வண்டியில் முன்னே 48, 38, 28 பற்கள் கொண்ட மூன்று வட்டுகளும், பின்னே 14 முதல் 28 பற்கள் வரை ஏழு வட்டுகள் அடங்கிய ஃப்ரீவீலும் இருந்தன. மூவேழு இருபத்தொன்று என்பது பெருக்கல் வாய்ப்பாட்டில் சரியே. காலுக்கு அது சரியன்று. முன் 48-க்குப் பின் 24, முன் 28-க்குப் பின் 14 ஆகிய இரண்டும் ஒரே விகிதம். 48-க்கு 28, 38-க்கு 22, 28-க்கு 16 ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கால் உணரவே உணராது. விலைச்சீட்டில் 21 என்று இருந்தாலும் பிரயோஜனப்படுபவை பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. அதைவிட முக்கியமான குறை, மிக இலேசான கியரே ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நின்றுவிட்டது. ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும் அந்தக் கியரில் எட்டுச் சதவீத ஏற்றத்துக்கு 150 வாட் தேவைப்பட்டது. பின் ஃப்ரீவீலைக் கழற்றி 14 முதல் 34 பற்கள் கொண்ட வேறொன்றைப் பூட்டி, செயினில் இரண்டு கண்ணிகள் சேர்த்தபின், அதே ஏற்றம் அதே மிதியில் 125 வாட்டில் அடங்கிற்று. (பின்னால் செயினைத் தள்ளும் கருவி 34 பற்களைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது அவசியம்.) எண்ணில் 25 வாட் சிறிதாகத் தோன்றலாம், பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சமதரை முடிந்து, குஞ்சப்பனைச் சோதனைச்சாவடியை நோக்கி ஓயாமல் ஏறும் சாலையில், மூச்சு வாங்கி நிற்பதற்கும் பேசிக்கொண்டே போவதற்கும் உள்ள வித்தியாசம் அதுவே.

கியர் இருந்தால் போதாது, மாற்றும் சமயமும் தெரியவேண்டும். கொண்டை ஊசி வளைவின் உட்புறம் சாலையிலேயே மிகச் செங்குத்தான இடம். அங்கே போய்ச் சேர்ந்தபின், முழுப் பாரத்தோடு மிதித்துக்கொண்டே நெம்புகோலைத் தள்ளினால் செயின் கரகரவென்று அலறிப் பாதியில் தொங்கும். வளைவு கண்ணில் பட்டதுமே, மிதியின் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தி மாற்றிக்கொள்பவருக்கு அது ஓசையின்றி இறங்கிக்கொள்ளும்.

மோட்டாரின் துணையோடு மலை ஏறுவது ஆண்மைக்கு இழுக்கு என்று சொல்வோர் இன்று உண்டு. பிரான்ஸ் தேசத்தில் ஸேன்-எத்தியேன் நகரத்து பால் தெ விவி என்பவர், வெலோஸியோ என்ற புனைபெயரில், மாற்றக்கூடிய கியருக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய காலத்தில், கியரைப் பற்றியும் இதே ஆட்சேபம் எழுந்தது. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை நிறுவிய ஆன்றி தெக்ராஞ்சு, கியர் வயதேறியவர்களுக்கே உரியது என்று கருதினார். செயினை வட்டுக்கு வட்டு மாற்றும் கருவிக்கு அந்தப் பந்தயத்தில் 1937-ஆம் ஆண்டில்தான் இடம் கிடைத்தது. அன்று இழுக்கென்று தள்ளப்பட்டது இன்று பள்ளிச் சிறுவர் வண்டியிலும் இருக்கிறது. எனவே அந்த ஆட்சேபத்தை நான் பொருட்படுத்தவில்லை. மோட்டார் தன் காரியத்தைச் செய்கிறதா என்பதையே பார்த்தேன்.

சமதரையில் அது நன்றாகவே செய்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை கை கொடுக்கிறது. 250 வாட்டுக்கும் அந்த வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்குப் பதிவும் லைசென்ஸும் வேண்டியதில்லை என்பது கூடுதல் சௌகரியம். மலையில்தான் கணக்கு உதைக்கிறது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 360 வாட்-மணி. வண்டி 24 கிலோ. ஆளும் பையும் சேர்ந்து மொத்தம் 92 கிலோ. இந்தப் பாரத்தை 33 கிலோமீட்டரில் சுமார் 1,450 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டுமே 360 வாட்-மணிக்குச் சற்று அதிகமாக வேண்டும். டயரின் உராய்வையும் சேர்த்தால் 430-ஐ நெருங்கும். மோட்டாரோ உண்ட மின்சாரத்தில் முக்கால் பங்கைத்தான் உழைப்பாகத் திருப்பித் தருகிறது. மிச்சம் 160 வாட்-மணியை, மூன்று மணி நேரம் 50 வாட்டுக்குச் சற்று மேலாக, கால்கள்தாம் கொடுக்கவேண்டும். அந்த முக்கால் பங்கும் வண்டி ஓரளவு வேகத்தில் ஓடும்வரைதான். மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு வேகம் விழுந்ததும் ஹப் மோட்டார் மின்சாரத்தின் கணிசமான பகுதியை வெப்பமாக்கி வீணடிக்கிறது. நான் ஓட்டிய வண்டியின் ஹப், கை வைக்க முடியாதபடி சுட்டது.

வேகம் அப்படி விழாமல் காப்பாற்றுவதற்குத் துணை கியரே. அவ்வண்டியில் முன்னே 42, பின்னே மிகப் பெரியது 28; ஒரு சுற்றுக்கு மூன்று மீட்டர். போதாக்குறைக்கு, அதன் சென்ஸார் பெடல் சுழல்வதை மட்டுமே அறியும், அழுத்தத்தை அறியாது. ஏற்றத்தில் நின்று புறப்படும்போது, உதவி மிக அவசியமான முதல் அரைச் சுற்றில் மோட்டார் வாய் திறப்பதில்லை. பெடல் அச்சிலேயே மோட்டார் அமைந்த வண்டிகள், செயினும் கியரும் வழியாகவே தம் பலத்தைச் செலுத்துவதால், இந்தச் சங்கடத்துக்கு ஆளாவதில்லை; அவற்றின் விலைதான் பலருக்கு எட்டாதது.

முழங்கால் நோயாளிகளுக்கும், தினந்தோறும் இருபது கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருவோருக்கும், எதிர்க்காற்றில் சரக்கு ஏற்றிச் செல்வோருக்கும் மோட்டார் வண்டியை மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்வேன். வாரம் ஒருமுறை மலை ஏற விரும்பும் திடகாத்திரர், அந்தப் பணத்தைச் செலவழிக்குமுன் 34 பல் ஃப்ரீவீலைப் பூட்டிப் பார்க்கட்டும். மோட்டார் வண்டி தயாரிப்பாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட அற்பமான தொகையில் கிடைக்கும் அந்த ஃப்ரீவீலைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, 24 கிலோ வண்டி இறக்கத்தில் நிற்பதற்கு டிஸ்க் பிரேக்கும் வைத்து அனுப்புங்கள்.