கடன் நிலுவையும் அரசு ரகசியமும்

அமெரிக்க அரசின் ரகசிய ஆவணங்களைக் கையாளும் வேலைக்குப் போகிறவர் எஸ்.எஃப்.86 என்ற நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். அதன் 26ஆம் பகுதி முழுக்கப் பணக் கணக்கு. கடந்த 7 ஆண்டுகளில் ஏதாவது கடன் 120 நாளுக்கு மேல் கட்டாமல் நின்றதா? யாருக்குக் கடன், கணக்கு எண் என்ன, தொகை எவ்வளவு, ஏன் கட்ட முடியவில்லை, எப்போது தொடங்கியது, எப்போது தீர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். பிறருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் இதில் சேரும்.

இப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. தேசியப் பாதுகாப்பு முகமையில் 14 ஆண்டுகள் வேலை பார்த்த ரொனால்ட் பெல்டன் 1979இல் திவால் மனு கொடுத்தார். அதே ஆண்டு வேலையையும் விட்டார். 1980 ஜனவரியில் வாஷிங்டனிலுள்ள சோவியத் தூதரகத்துக்குப் போய்த் தனக்குத் தெரிந்ததை விற்கத் தொடங்கினார். மொத்தத்தில் அவருக்குக் கிடைத்தது சுமார் 35,000 டாலர்தான். சி.ஐ.ஏ.வின் ஆல்ட்ரிச் ஏம்ஸும் விவாகரத்தால் கடனில் சிக்கிய நேரத்தில்தான், 1985இல், அதே தூதரகத்தை நாடினார்.

இந்த வேலைக்கான பாதுகாப்பு அனுமதியைத் தருவதா மறுப்பதா என்று முடிவுசெய்ய 2017 முதல் நடப்பிலுள்ள 13 அளவுகோல்களில் 'எஃப்' என்பது பணம் பற்றியது. எழுத்தில் அது நல்ல விதி. கடன் இருப்பதாலேயே ஆளைத் தள்ளிவிடுவதில்லை. வேலை போனதா, எதிர்பாராத மருத்துவச் செலவு வந்ததா, கந்துவட்டிக்காரரிடம் ஏமாந்தாரா என்று கேட்கிறது. அதன் பிறகு பொறுப்போடு நடந்துகொண்டாரா, கடன் கொடுத்தவர்களிடம் பேசித் தவணை கட்டத் தொடங்கினாரா என்றும் பார்க்கிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ரகசியத்தை விற்றவனின் கடன் தீர்ந்துவிடுகிறது! ஏம்ஸ் 5,40,000 டாலருக்கு வீடு வாங்கினார், அதுவும் ரொக்கமாக. ஆண்டுக்கு 70,000 டாலர்கூடச் சம்பளம் வாங்காத மனிதர் அவர். மனைவியின் குடும்பச் சொத்து என்று சொன்ன விளக்கம் எடுபட்டது. 1994 வரை அவர் பிடிபடவில்லை. கணக்கில் வராத செல்வத்தையும் சந்தேகிக்கச் சொல்கிறது 'எஃப்' விதி. ஆனால் பாக்கி வைத்தவரின் பெயர் கடன் அறிக்கையில் தானாக வந்து நிற்கும். பணம் குவித்தவரை யாராவது தேடிப் பிடிக்க வேண்டும். கியூபாவுக்காக உளவு பார்த்த அனா மான்டெஸைப் போலக் கொள்கைக்காகச் செய்பவர்களை இந்த வலை தொடவே தொடாது.

அனுமதியைப் பறித்தால் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அனுமதி போனால் பெரும்பாலும் வேலையும் போகும், கடன் இன்னும் ஏறும். அறிந்த ரகசியமோ தலைக்குள்ளேயே இருக்கும். பெல்டன் விற்றதெல்லாம் வேலையை விட்ட பிறகு, நினைவிலிருந்து. ஒருவரைக் கடனோடு வெளியே அனுப்புவது எப்போதும் பாதுகாப்பு ஆகிவிடாது.

இன்னொரு அநியாயமும் உண்டு. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் அமெரிக்க அரசு முடங்கியபோது ஏறத்தாழ 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. கடன் தவறினால் பாதுகாப்பு அனுமதிக்கே பங்கம் வரலாம் என்று எஃப்.பி.ஐ. அதிகாரிகளின் சங்கம் அப்போது எச்சரித்தது. சம்பளத்தைத் தராத அரசே தவணை தவறியதற்கு விளக்கம் கேட்கும் நிலை எவ்வளவு கொடுமை!

கடன் இருப்பது உறுதியானால், விளக்கி நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரர் தலையில் விழுகிறது. சந்தேகம் வந்தால் அதன் பலன் நாட்டுக்குத்தான். இந்த அனுமதி யாருக்கும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988இல் ஈகன் வழக்கில் சொல்லிவிட்டது. ஒப்பந்த நிறுவன ஊழியர் விசாரணைக்கு வக்கீல் வைத்தால் செலவு அவருடையது. ஏற்கெனவே கடனில் இருப்பவர் அதற்கு எங்கே போவார்?

ஆகவே கடன் கேள்வி இருக்கட்டும். தானாக முன்வந்து சொல்பவருக்குக் கடன் ஆலோசனையும் அவகாசமும் கொடுத்து வேலையில் வைத்திருப்பதே முதல் வழியாகட்டும். பறிப்பது கடைசியாக இருக்கட்டும்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்று இத்தகைய வேலைக்கு விண்ணப்பிக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: சொந்தக்காரருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தையும் மறைக்காதீர்கள். கடனுக்கு விளக்கம் சொல்லலாம். படிவத்தில் பொய் சொன்னால் அது குற்றம். கடன் கொடுத்தவரிடம் இன்றே பேசுங்கள், கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.